பறவைகளை ஒளியால் எழுதிய ஸ்ரீ மா. கிருஷ்ணன்

உலகிற் பிறந்து மறைந்தோர் எண்ணிறந்தோர். அவருள், தாம் மேற்கொண்ட தொழிலைப் பழுதின்றிச் செய்து முடித்த சிலருடைய பெயரே அத்தொழில் உள்ளளவும் நிலைபெறுகின்றது. அரசரும் புலவரும் வள்ளல்களும் மட்டுமே அவ்வரிசைக்கு உரியவர் என்று நம்மிற் பலர் எண்ணுகின்றனர். காட்டிலும் ஏரிக்கரையிலும் காத்திருந்து, பறவைகளையும் விலங்குகளையும் நிழற்படம் எடுப்பதையே வாழ்நாட் பணியாகக் கொண்ட ஒருவரும் அவ்வரிசையில் வைத்து எண்ணத்தக்கவரே. அவர் சென்னையில் வாழ்ந்து 1996-ஆம் ஆண்டில் மறைந்த ஸ்ரீ மா. கிருஷ்ணன் ஆவர்.

அவர் சரித்திரத்தை ஈண்டு எழுதப் புகுந்ததற்கு ஒரு காரணம் உண்டு. இந்நாளில் நம் சங்கத்துக் குடும்பங்களிற் கைப்பேசியில்லாத வீடு அரிது. மல்லாங்கிணற்றுப் பக்கத்துக் கண்மாய்களில் மழைநீர் ஏறிய மாதங்களில், பள்ளிப் பிள்ளைகள் கரைமேல் நின்று கொக்கையும் மீன்கொத்தியையும் படம் பிடிக்க முயல்கின்றனர். படமோ பெரும்பாலும் கரிய நிழலாகவோ, வெளுத்த திட்டாகவோ முடிகின்றது. பின்பு நேர்வன இரண்டு. ஒன்று, விலையுயர்ந்த காமிரா வாங்கித் தரும்படி தந்தையை வருத்துதல். மற்றொன்று, கணினியின் துணைகொண்டு இல்லாத வண்ணத்தையும் இல்லாத வானத்தையும் அப்படத்தின்மேற் பூசுதல். இவ்விரண்டின் வேறாய மூன்றாம் நெறி ஒன்றுண்டு என்பதைக் கிருஷ்ணன் தம் வாழ்வாற் காட்டிச் சென்றார்.

பிறப்பும் கல்வியும்

கிருஷ்ணன் 1912-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 30-ஆம் நாள் திருநெல்வேலியிற் பிறந்தார். அவர் தந்தையார் பத்மாவதி சரித்திரம் என்னும் நாவலை இயற்றித் தமிழ் வசன இலக்கியத்திற்கு ஆக்கந் தேடிய அ. மாதவையா ஆவர். மக்கள் எண்மருள் கிருஷ்ணனே இளையவர். மாதவையா உப்பு, கலால் இலாகாவில் உத்தியோகம் வகித்து, தமிழ்ப்பணியின்மேற் கொண்ட பற்றினால் உரிய காலத்திற்கு முன்னரே ஓய்வு பெற்றுப் பஞ்சாமிர்தம் என்னும் பத்திரிகையை நடத்தினார். 1925-ஆம் ஆண்டு அக்டோபர் 22-ஆம் நாள், சென்னைப் பல்கலைக்கழகத்து ஆட்சிமன்றத்தில் தமிழைக் கட்டாய பாடமாக்க வேண்டுமென்று பேசியமர்ந்தவர் அவ்விடத்திலேயே உயிர் நீத்தார். அப்பொழுது கிருஷ்ணனுக்கு வயது பதின்மூன்று. தமக்கையார் லக்ஷ்மி அம்மையார், இராணி மேரிக் கல்லூரியில் ஆசிரியப் பணி செய்துகொண்டு குடும்பப் பாரத்தைத் தாங்கினார்.

அந்நாளைய மயிலாப்பூர் இந்நாளையது போன்று வீடு நெருங்கிய நகரமன்று. புதர்க்காடு சூழ்ந்த வெளிகளில் நரியும் வெளிமானும் திரிந்தன, பறவைகளுக்குக் குறைவேயில்லை. சிறுவர் கிருஷ்ணன் கீரியொன்றை வளர்த்தும், புதர்களினூடே அலைந்தும் அவற்றின் இயல்பைக் கற்றார். 1927-இல் மாநிலக் கல்லூரியிற் சேர்ந்து 1931-இல் பி.ஏ. பட்டம் பெற்றார். ஆங்குத் தாவர நூல் கற்பித்த பைசன் என்னும் ஆங்கிலப் பேராசிரியருடன் நீலகிரிக்கும் கோடைக்கானலுக்கும் சென்று செடிகொடிகளை ஆராய்ந்தார். அப்பேராசிரியரின் மனைவியாரிடம் நீர்வண்ண ஓவியமும் பயின்றார். பின்னாளில் அவர் நிழற்படங்களில் விளங்கிய ஒளி நிழற் பகுப்பிற்கு, தூரிகை பிடித்துப் பழகிய இப்பயிற்சி பெரிதும் துணை செய்திருக்கும் என்பது எளிதில் உணரத்தக்கது. அதன்பின் எம்.ஏ. வகுப்பையும் சட்டக் கல்வியையும் முடித்தார்.

பிழைப்பும் விருப்பும்

இவ்வளவு கற்றவர் வக்கீலாகவோ, சர்க்கார் உத்தியோகஸ்தராகவோ அமர்ந்து பொருளீட்டியிருத்தல் கூடும். கிருஷ்ணன் மனம் அவற்றிற் செல்லவில்லை. சிறிது காலம் சென்னையில் வேறு வேறு அலுவல்கள் பார்த்தார். பத்திரிகைகளுக்குக் கட்டுரையும் சித்திரமும் அளித்தார். 1937-இல் இந்துமதி அம்மையாரை மணந்தார். 1942-இல் பல்லாரிச் சீமையை அடுத்த சண்டூர் என்னும் சிறிய சமஸ்தானத்தில் வேலை கிடைத்தது. ஆங்கு ஆசிரியராகவும், நீதிபதியாகவும், விளம்பர அதிகாரியாகவும், மன்னருக்கு அரசியற் காரியதரிசியாகவும் ஒருவரே பல பதவிகளை வகித்தார். ஓய்வு நேரங்களில் குன்றுகளில் உலாவியும், ஆடு மேய்த்தும், தூது செல்லும் புறாக்களை வளர்த்தும் பொழுது போக்கினார் என்பர். வீண்பொழுது போலத் தோன்றும் அவ்வாண்டுகளே காட்டுயிர்களைப் பற்றிய அவர் அறிவிற்கு அடிப்படையாயின.

நாடு விடுதலை பெற்றபின் சண்டூர் இந்திய யூனியனோடு இணைந்தது. கிருஷ்ணன் சென்னைக்குத் திரும்பினார். நிலையான உத்தியோகம் எதனையும் நாடாமல் எழுத்தையும் நிழற்படத்தையுமே நம்பி இல்லறம் நடத்தத் துணிந்தார். கல்கத்தாவிலிருந்து வெளியாகும் ஸ்டேட்ஸ்மன் பத்திரிகையில் 1950-ஆம் ஆண்டு தொடங்கிய அவர் இயற்கைக் கட்டுரை வரிசை, இருவாரத்திற்கு ஒருமுறையாக 46 ஆண்டுகள் இடையறாது வெளிவந்தது. மாதச் சம்பளமில்லாத கணவரோடு வாழ்ந்து, அவர் நாட்கணக்கிற் காடுகளிற் கழித்த காலமெல்லாம் இல்லத்தைப் பேணிய இந்துமதி அம்மையாரின் பொறுமையை இச்சரித்திரம் படிப்போர் மறத்தலாகாது. ஒருவர் கொண்ட விரதத்தின் பாரத்தில் ஒரு பாதியை வீட்டாரே சுமக்கின்றனர்.

கருவியின் கதை

சிறந்த படத்திற்கு விலையுயர்ந்த கருவியே வேண்டுமென்று கருதுவார்க்குக் கிருஷ்ணன் காமிராவின் கதை நல்ல மருந்தாகும். ஒரு கம்பெனியார் செய்த உடற்பகுதி, மற்றொரு கம்பெனியாரின் தொலைவு லென்ஸ், வேறு வேறிடத்தில் தேடிய உறுப்புகள் ஆகியவற்றைத் தம் கையாலேயே பொருத்தி அதனை அமைத்துக்கொண்டார். அதன் பெருங்கனத்தைக் குறித்து நகைச்சுவையாகச் சூப்பர் பாண்டரோசா என்று அதற்குப் பெயரும் வழங்கிற்று. அஸ்ஸாமில் வாழ்ந்த தேயிலைத் தோட்டக்காரரும் இயற்கை நூல் வல்லவருமான ஈ. பி. ஜீ என்பவர், அதன் உறுப்புகளைப் பிணிக்கக் கம்பியும் வளையமும் எங்கேனும் இருந்தேயிருக்கும் என்று தம் நூலிற் கேலியாக எழுதியுள்ளார். அக்கனத்தைத் தூக்கிக்கொண்டு நடந்தும், முதுமலை போன்ற காடுகளில் பழக்கிய யானைமேல் ஏறியும் கிருஷ்ணன் படம் பிடித்தார்.

இத்துறையில் முன்னோர் பட்ட பாடும் இத்தகையதே. இங்கிலாந்தில் ரிச்சர்ட் கியர்ட்டன், செர்ரி கியர்ட்டன் என்னும் சகோதரர் 1892-இல் பறவைக் கூட்டை முட்டையோடு படமெடுத்தனர். பின்னர்ப் பறவைகள் தம்மைக் கண்டு அஞ்சாதிருத்தற்பொருட்டு, உள்ளே கூடான பொய்யெருது ஒன்றைச் செய்து அதன் வயிற்றுள் ஒளிந்திருந்தனர். ஆகவே பறவைப்படம் எடுத்தற்கு முதற்கருவி பொறுமை என்பது இக்கலை தோன்றிய நாளிலேயே துணியப்பட்டது.

அரிய ஒளியும் அதற்குரிய உபாயமும்

கிருஷ்ணன் அருமையாக ஆராய்ந்த இடங்களுள் வேடந்தாங்கல் ஒன்று. செங்கற்பட்டைச் சார்ந்த அவ்வூர் ஏரியில் நிற்கும் மரங்களில் நத்தைகுத்தி நாரையும், கொக்கும், நீர்க்காகமும், வக்காவும், அரிவாள்மூக்கனும், கரண்டிவாயனும் கூட்டங்கூட்டமாய் வந்து குஞ்சு பொரிக்கின்றன. பறவையெச்சம் கலந்த நீர் வயலுக்கு உரமாதலின் ஊரார் அவற்றைத் தொன்றுதொட்டுக் காத்து வந்தனர். பறவைகளைச் சுட வந்தோரைத் தடுக்கும்படி கலெக்டரிடம் முறையிட்டு 1798-இல் ஆதரவும் பெற்றனர் என்பது வரலாறு. இவ்வேரியைப் பற்றிக் கிருஷ்ணன் தனிநூல் ஒன்றும் எழுதினார்.

வேடந்தாங்கலிற் படமெடுப்போர்க்கு நேரும் இடையூற்றைச் சிறிது விரித்துரைப்போம். நம் ஊர்க் கண்மாய்க்கும் அது பொருந்தும். பறவைகள் கூடுகட்டும் காலம் வடகிழக்குப் பருவமழையை ஒட்டியது. வானம் பலநாள் மூடியே கிடக்கும். வெயில் எறித்தாலோ, நீர்ப்பரப்பு கண்ணாடிபோற் பளபளக்கும். பாலினும் வெள்ளிய கொக்கும் கரியினும் கரிய நீர்க்காகமும் ஒரே கிளையில் அமர்ந்திருக்கும். நம் கண் இரண்டையும் ஒருங்கே காணவல்லது. பிலிமுக்கோ, இந்நாளைய மின்னணுக் காமிராவுக்கோ அவ்வளவு ஆற்றல் இல்லை. நீர்க்காகத்திற்கு ஏற்ற ஒளி கொடுத்தால் கொக்கின் இறகெல்லாம் வெண்சுண்ணாம்பாகிவிடும். கொக்கிற்கு ஏற்றவாறு குறைத்தால் நீர்க்காகம் மைக்கட்டியாகிவிடும்.

இதற்குரிய உபாயங்கள் மூன்று. முதலாவது, காலமறிதல். உச்சிவெயிலை விலக்கி, ஞாயிறு தாழ்ந்திருக்கும் காலையும் மாலையும், மெல்லிய மேகம் பரந்த வேளையும் பார்த்திருத்தல் வேண்டும். அவ்வேளையில் ஒளியும் நிழலும் தம்முள் பகை தணிந்து நிற்கும். இரண்டாவது, இடமறிதல். வானத்தைப் பின்னணியாகக் கொண்ட பறவை கரிய நிழலாகவே வரும். படமெடுப்பவர் ஞாயிற்றைத் தம் முதுகுப்புறமாக்கிக் கொள்ளுதலும், பறவை பசிய மரத்தையோ கரிசல் மண்ணையோ பின்னாகக் கொண்டமரும்வரை பொறுத்திருத்தலும் நலம். வானத்தைத் தவிர்க்க இயலாவிடின், கருவி காட்டும் அளவினும் ஒருமடங்கேனும் இருமடங்கேனும் ஒளியைக் கூட்டிக் கொடுத்தல் வேண்டும். மூன்றாவது, இயல்பறிதல். மங்கலான ஒளியில் ஷட்டர் நெடிது திறந்திருத்தல் வேண்டும். அதற்குள் பறவை அசைந்தால் படம் கலங்கும். 400 மில்லிமீட்டர் லென்ஸைக் கையிற் பிடித்து எடுப்பவர், நொடியில் நானூற்றிலொரு பங்கினும் மெதுவாகத் திறந்தால் அவர் கைநடுக்கமே படத்தைக் கெடுத்துவிடும் என்பது தொழிலறிந்தோர் கணக்கு. ஆகவே கருவியை முக்காலியிலோ, மணல்மூட்டையிலோ தாங்க வைத்துப் பறவை ஓய்ந்து நிற்கும் கணத்தை எதிர்நோக்குதல் வேண்டும். கொக்கு மீனைக் குறிவைத்துச் சிலைபோல் நிற்கும் வேளையும், மீன்கொத்தி பாய்தற்கு முன் தலைகுனிந்து நோக்கும் வேளையும் அவற்றோடு பழகினவர்க்கே முன்கூட்டித் தெரியும். பறவையின் ஒழுக்கம் அறியாதவர் ஒளியின் குறையை வெல்லுதல் இயலாது. கிருஷ்ணன் முதலில் இயற்கை நூல் வல்லவராகவும் அதன்பின்னரே நிழற்படக்காரராகவும் விளங்கியமையே அவர் வெற்றியின் இரகசியம்.

இருட்டறையும் ஏட்டுச்சுவடியும்

வண்ணப் பிலிம் பரவிய காலத்திலும் கிருஷ்ணன் கறுப்பு வெள்ளைப் படத்தையே கைக்கொண்டிருந்தார். கறுப்பு வெள்ளைப் பிலிமை இருட்டறையிற் கழுவிப் படமாக்குதல் தனிக்கலை. மருந்து நீரில் பிலிம் கிடக்கும் நேரத்தைக் குறைத்தால் வெண்மையின் கடுமை தணியும். கூட்டினால் மங்கிய படம் தெளிவு பெறும், ஆயினும் மணல் தூவினாற்போன்ற புள்ளிகளும் உடன் பெருகும். தாளிலும் மென்மையான தாள், கடுமையான தாள் என வகையுண்டு. படத்தைத் தாளிற் பதிக்கும்போது, கரிய பறவையின்மேல் விழும் ஒளியைக் கைந்நிழலாற் சிறிது மறைத்தால் ஆங்குக் கருமை குறைந்து இறகின் வரிகள் தோன்றும். வெளுத்த பகுதிக்கு மட்டும் கூடுதல் ஒளி பாய்ச்சினால் கொக்கின் சிறகு தன் வடிவத்தோடு விளங்கும். அந்நாளில் கைவிரலாற் செய்த இவற்றையே இந்நாளிற் கணினியில் செய்கின்றனர்.

படத்தைச் செம்மை செய்தலும் படத்தை மாற்றுதலும் ஒன்றா என்னும் ஐயம் ஈண்டு எழக்கூடும். அதற்கு விடையை நம் தமிழ்த்தொழிலிலிருந்தே கூறலாம். பனையோலையில் எழுத்தாணியாற் கீறிய எழுத்து முதலிற் கண்ணுக்குப் புலப்படாது. மஞ்சளும் கரியும் இலைச்சாறும் பூசி மையாடிய பின்னரே அது விளங்கும். மை பூசியவர் புதிதாக ஓரெழுத்தும் எழுதவில்லை, கீறப்பட்டிருந்ததைக் காட்டினார். அங்ஙனமன்றிச் செல்லரித்த இடத்தில் தாமே பாட்டியற்றிச் செருகுபவர் உளராயின், அவர் ஏட்டைக் கெடுத்தவர் ஆவர். உ. வே. சாமிநாதையர் போன்ற பதிப்பாசிரியர்கள் ஊரூராய்ச் சுவடி தேடி அலைந்ததும், சிதைந்த இடத்தைச் சிதைந்ததென்றே காட்டி விட்டதும் இப்பழிக்கு அஞ்சியே. நிழற்படமும் ஒளி கீறிய ஓலையாகும். அதன்கண் உள்ளதை வெளிப்படுத்துதல் மையாடுதல். இல்லாத கிளையை நடுதலும், வேறொரு மாலையின் வானத்தைக் கொணர்ந்து ஒட்டுதலும் இடைச்செருகல்.

கிருஷ்ணன் படங்கள் காட்சிக்கு இனியனவாய் இருத்தலோடு அமையாமல், இன்ன விலங்கு இன்ன இடத்தில் இவ்வாறு வாழ்ந்தது என்பதற்குச் சாட்சியாகவும் நின்றன. 1968-இல் ஜவாஹர்லால் நேரு உதவித்தொகை பெற்று, தென்னாட்டுப் பெருவிலங்குகளின் நிலையை நேரிற் சென்று ஆராய்ந்து எழுதியவர் அவர். அவர் ஆராய்ச்சியின் பயன் பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்தின் வாயிலாக வெளிவந்தது. சாட்சி சொல்லுபவன் ஒருமுறை பொய்த்தால் அவன் மெய்யும் விலைபோகாது. படத்திற்கும் அவ்விதியே.

தமிழும் விருதும்

தந்தையார் போற்றிய தமிழை மகனார் மறந்தாரில்லை. பழந்தமிழ் நூல்களில் வரும் புள்ளும் மாவும் இன்னவை என ஆராய்வதில் அவருக்குப் பெருவிருப்பம் உண்டு. அவர் தமிழில் எழுதிய இயற்கைக் கட்டுரைகளைச் சு. தியடோர் பாஸ்கரன் தொகுத்து, மழைக்காலமும் குயிலோசையும் என்னும் பெயரோடு பின்னாளில் நூலாக்கினார். இந்திய அரசாங்கத்தார் பத்மஸ்ரீ விருதளித்தனர். காட்டுயிர் பாதுகாப்பிற்கென அமைந்த இந்திய வாரியத்திலும் அங்கம் வகித்தார். 1995-இல் ஐக்கிய நாடுகள் சபையின் சுற்றுச்சூழல் அமைப்பு, உலகில் அத்துறைக்கு உழைத்த ஐந்நூற்றுவர் பட்டியலில் அவர் பெயரையும் சேர்த்தது. இயற்கையை அதன் போக்கிலேயே விட்டுக் காத்தல் வேண்டும். அயல்நாட்டு மரங்களைக் கொணர்ந்து நம் காட்டின் இயல்பைக் கெடுத்தலாகாது என்பது அவர் இறுதிவரை வற்புறுத்திய கொள்கை. 1996-ஆம் ஆண்டு பிப்ரவரி 18-ஆம் நாள், எண்பத்து மூன்று வயது நிரம்பிய நிலையில் இயற்கை எய்தினார். அன்று வெளிவந்த ஸ்டேட்ஸ்மன் இதழிலும் அவர் கட்டுரை இருந்தது.

நாம் கொள்ளத்தக்கது

சங்கத்து அன்பர்களே! இச்சரித்திரத்தால் நாம் கொள்ளத்தக்கவை இரண்டு. முதலாவது பெற்றோர்க்கு உரியது. 1922-இல் நம் பக்கத்துச் சிவகாசியிலிருந்து ஐய நாடார், சண்முக நாடார் ஆகிய இளைஞர் இருவர் தீப்பெட்டித் தொழில் கற்கக் கல்கத்தா சென்றனர். அவர்கள் கற்று வந்த தொழிலே, தீப்பெட்டிக்கு மேல் ஒட்டும் படத்தாளின் வழியாக அச்சுத் தொழிலுக்கும் பின்னர் வித்தாகி, இன்று பல்லாயிரம் குடும்பங்களை வாழ்விக்கின்றது. பழகாத வழியிற் செல்லும் பிள்ளையை இழந்த பிள்ளையென்று முடிவு கட்டுதல் ஆகாது. அதனோடு கிருஷ்ணன் கதையின் மறுபுறத்தையும் மறைத்தல் ஆகாது. அவர் வழி செல்வத்திற்கு வழியன்று. பட்டப்படிப்பை முழுதும் முடித்த பின்னரே அவர் அவ்வழியிற் சென்றார். சென்றபின் 46 ஆண்டு ஒருமுறையும் கடமை தவறாது எழுதினார். பறவைப்படம் எடுக்க விரும்பும் பிள்ளையைப் படிப்பையும் உடன் முடிக்கச் செய்து, அதன்பின் அவன் விருப்பிற்கு இடங்கொடுத்தல் முறை.

இரண்டாவது இளைஞர்க்கு உரியது. புதிய கருவி வாங்குமுன், கையிலுள்ள கருவியோடு ஒரு மாதம் வைகறையில் ஒரே கண்மாய்க்குச் சென்று வாருங்கள். எப்பறவை எம்மரத்தில் எந்நேரத்தில் அமர்கின்றது, ஞாயிற்றின் ஒளி எத்திசையிலிருந்து அதன் முகத்தில் விழுகின்றது என்பதைச் சிறு குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். படத்திற்காகக் கூட்டை மறைத்த இலையை ஒடித்தலும், அடைகாக்கும் பறவையின்மேல் மின்னொளி பாய்ச்சுதலும், கல்லெறிந்து கூட்டத்தைப் பறக்கச் செய்தலும் வேண்டா. இலையை ஒடித்தால் அடுத்த கணமே காக்கைக்குக் கூடு தெரிந்துவிடும். வெயில் குஞ்சை வாட்டிவிடும். ஒரு படத்தின் விலை ஒரு குஞ்சின் உயிராதல் தகாது.

பட்டாசே பிழைப்பாக உள்ள இச்சீமையில் வாழும் நமக்கு, சிவகங்கை மாவட்டத்துக் கொள்ளுகுடிப்பட்டி ஊராரின் ஒழுக்கம் நினைவுகூரத்தக்கது. 1977-இல் வேட்டங்குடிப்பட்டிப் பறவைகள் சரணாலயம் அமைந்த இடம் அது. தம் கண்மாய் மரங்களில் கூடுகட்டிய பறவைகள் அஞ்சி அகலாதிருத்தற்பொருட்டு, அவ்வூரார் தீபாவளியன்றும் வெடி வெடியாது ஆண்டுகள் பலவாக இருந்து வருகின்றனர். அவர்கள் பிள்ளைகளுக்கு ஒருநாள் மகிழ்ச்சி குறைகின்றது; ஆயினும் ஆண்டுதோறும் நாரைகள் திரும்பி வருகின்றன. படமெடுக்கக் கரைக்குச் செல்லும் நம் இளைஞரும் அவ்வாறே நடப்பாராயின், அடுத்த மழைக்காலத்திலும் அவர்கள் படமெடுக்க அப்பறவைகள் அதே கிளையில் வந்தமரும்.